பானுமதியின் நாய்க் கொட்டகை

பானுமதிக்கு நாய்களைக் கண்டால் பயம். விருத்தாசலத்தில் அவளைத் தெரிந்த யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஓட்டம் நின்றுபோன பீங்கான் கம்பெனியின் கொட்டகையில், இருபது முப்பது நாய்களுக்கு நடுவே சோற்று வாளியோடு நடக்கிறவளுக்கா பயம்? ஆனாலும் உண்மை அதுதான். ஏதாவது ஒன்று சத்தமில்லாமல் பின்னால் வந்து கெண்டைக்காலை முகர்ந்தால் அவளுக்கு உடம்பு சில்லிட்டுப் போகும். அதை வெளியே காட்டாமல் நடக்கப் பழகியிருந்தாள், அவ்வளவுதான்.

அவள் பிறந்தது வேப்பூர்ப் பக்கம், மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பத்தில். அவள் வயதுக்கு வந்த வருஷம் தம்பி நல்லமுத்துவை ஒரு நாய்க்குட்டி கடித்தது. கடி என்றுகூடச் சொல்ல முடியாது, பல் பட்ட கீறல். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். புண் ஆறிவிட்டது. எல்லோரும் அதை மறந்தே போன பிறகு, ஒரு காலையில் அவன் தண்ணீர்ச் செம்பைப் பார்த்து அலறினான். அதற்கப்புறம் நடந்ததை பானுமதி யாரிடமும் விவரித்ததில்லை. கேட்டால், "ரொம்ப நாளு இழுக்கல" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்தாள். கணவன் கலியமூர்த்திக்கு ஜங்ஷனில் மூட்டை இறக்கும் வேலை. அவள் பீங்கான் கம்பெனியில் பொம்மைப் பிரிவில் சேர்ந்தாள். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையின் ஓரத்துப் பிசிறைச் சீவி, ஸ்பாஞ்சால் துடைத்து வைக்க வேண்டும். 2004இல் கம்பெனி நின்றது. கடைசியாகக் கணக்கு முடித்துக்கொள்ளப் போன அன்று, ஆறிக் கிடந்த சூளைக்குள் ஒரு பெட்டை நாய் குட்டி போட்டிருந்தது. காவலுக்கு இருந்த கோவிந்தசாமி குட்டிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"மணிமுத்தாத்துப் பக்கம் வுட்டுட்டு வரேன். பொழைச்சா பொழைக்குது."

பானுமதிக்கு வந்தது இரக்கம் இல்லை. பிழைக்கிற குட்டி வளரும். ஏதோ ஒரு தெருவுக்குப் போகும். ஏதோ ஒரு பிள்ளை அதைத் தூக்கும். இந்த எண்ணம்தான் வந்தது. சாக்கை வாங்கிக்கொண்டு நேராகக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் அறிவழகன் அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார்.

"ஊசி போட்டுட்டா இதுங்களுக்கு வெறி நோவு வராதா சார்?"

"மூணு மாசம் ஆகட்டும்மா, போடலாம். வருஷா வருஷம் போட்டா வராது. ஆனா அதுவரைக்கும் யாரு வச்சிப் பாப்பாங்க?"

"நான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எங்கே வைத்துப் பார்ப்பது என்ற யோசனையே வந்தது.

கம்பெனி முதலாளி ஆனந்தராஜ், இடம் விற்கும்வரை கொட்டகையைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். வாங்க ஆள் வரவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று. கீறல் விழுந்து கழித்துப்போட்ட வாஷ்பேசின்கள் தண்ணீர்த் தொட்டியாயின. பிராய்லர் கடை நைனா முகம்மது கோழித் தலையும் காலும் கொடுத்தனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவழகன் வந்து தடுப்பூசி போட்டார், கருத்தடை ஆபரேஷன் செய்தார். ஊரில் நாய் வளர்க்கிறவர்களும் அங்கேயே வர ஆரம்பித்தார்கள். டாக்டர் கை வேலையாக இருக்கும்போது அவர் சொல்லக் கேட்டதையெல்லாம் பானுமதி திருப்பிச் சொல்வாள். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவாதீர்கள், தோல் வெந்துபோகும். வெயிலில் கட்டாதீர்கள், நம்மைப் போல் அதற்கு வேர்க்காது. "பாலுஞ்சோறுமே போட்டுக்கிட்டிருந்தா எப்படிங்க? ஒரு முட்டையாவது வைங்க."

கலியமூர்த்திக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "வூட்டுல உலை வைக்கறதுக்கு முன்னாடி நாய்க்கு உலை வைக்கறா" என்று டீக்கடையில் சொல்லி அலுத்துக்கொள்வான்.

2007 கோடையில் வேல்விழி ஒரு நாய் கேட்டு வந்தாள். நைனா முகம்மது கடை இருக்கும் தெருவில்தான் அவள் வீடு. புருஷன் தங்கதுரை லாரி டிரைவர். கிளம்பினால் திரும்ப வாரக்கணக்கு ஆகும். இரண்டு வீடு தள்ளித் திருட்டுப் போயிருந்தது. பானுமதி ஒரு செவலை நாயைக் கொடுத்தாள். ஊசி போட்டது, சாதுவானது. "அது துன்னும்போது மட்டும் புள்ளைய கிட்ட வுடாத" என்று சொல்லி அனுப்பினாள். வேல்விழிக்கு ஒரே மகள், இலக்கியா. ஒன்றாம் வகுப்பு.

ஒரு நாள் மத்தியானம் நைனா முகம்மதுவிடமிருந்து போன் வந்தது. "பானும்மா, ஒடனே வாங்க. அந்த செவலை பாப்பா கையக் கடிச்சிருச்சு."

ஆட்டோவில் போய் இறங்கியபோது தெருவே திரண்டிருந்தது. எலும்பைத் தின்றுகொண்டிருந்த நாயின் தட்டை இலக்கியா இழுத்திருக்கிறாள். மணிக்கட்டில் இரண்டு பல் இறங்கி, ரத்தம் வழிந்தது. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை உள்ளங்கையில் சுண்ணாம்போடு குனிந்துகொண்டிருந்தாள். நாலைந்து ஆண்கள் கட்டையை எடுத்துக்கொண்டு, தள்ளுவண்டிக்கு அடியில் பதுங்கிய நாயைச் சுற்றி நின்றார்கள்.

பானுமதி ஒரு கணம் தள்ளுவண்டியைப் பார்த்தாள். பிறகு பிள்ளையிடம் ஓடினாள்.

"அந்தச் சுண்ணாம்பக் கீழ போடு!"

அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. பாஞ்சாலை கை தானாகப் பின்னால் போனது. பானுமதி இலக்கியாவைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். சோப்பு கேட்டாள். தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்டு, கடிவாயில் சோப்பு போட்டுக் கழுவினாள். நுரை சிவப்பாகி, இளஞ்சிவப்பாகி, வெள்ளையானது. அதற்குப் பிறகும் கழுவினாள். பிள்ளை வீறிட்டு அழுதது.

"போதும்க்கா, எரியுது போல. கத்துது பாரு" என்று வேல்விழியும் அழுதாள்.

"கத்தட்டும். கால் மணி நேரம் கழுவணும். நீ கையப் புடிச்சிக்க."

பின்னால் நைனா முகம்மதுவின் குரல் கேட்டது. "அடிச்சுப்புட்டீங்கன்னா அதுக்கு நோவு இருந்திச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? உசுரோட இருந்தாத்தானே டாக்டர் பாத்துச் சொல்ல முடியும்?" அவர் கடையிலிருந்த கோழிக் கூண்டைத் தூக்கி வந்து, வண்டிக்கடியில் தள்ளி, நாயை அதற்குள் அடைத்தார். கட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வேல்விழி கேட்டாள். "தொப்புளச் சுத்திப் போடுவாங்களாமேக்கா, சின்னப் புள்ள தாங்குமா?"

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப கையிலதான். ஒரு தவணைகூட வுடாம போட்டுடணும், அதான் முக்கியம்." முதல் ஊசி போட்டார்கள். கடிவாயைச் சுற்றியும் ஒரு மருந்து ஏற்றினார்கள். பிள்ளை பானுமதியின் சேலை முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் பானுமதி மருந்துக் கவுண்ட்டர் ஓரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

செவலையைக் கொட்டகையில் தனியாகக் கட்டி, பத்து நாள் பார்க்கச் சொன்னார் அறிவழகன். "தடுப்பூசி போட்ட நாய்ம்மா. பயப்படாதீங்க. சாப்பாட்டுல கை வச்சதாலதான் கடிச்சிருக்கு."

அவர் சொன்னதை பானுமதி நம்பினாள். நம்பினாலும் காலையில் எழுந்ததும் ஓடிப்போய் நாயின் முன்னால் தண்ணீரை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அது தலையைக் குனிந்து, நாக்கால் தண்ணீரை அள்ளிச் சளக் சளக்கென்று குடிக்கும். அந்தச் சத்தம் நிற்கும்வரை அசைய மாட்டாள். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பகலெல்லாம் அங்கேயே கிடந்தாள். கலியமூர்த்தி தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுவந்தான். திட்டுவான் என்று பார்த்தாள். அவன் கதவோரம் குந்தி உட்கார்ந்து, பீடியைப் பற்ற வைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"தண்ணி குடிச்சுதா?"

"குடிச்சுது."

"அப்ப நீயும் துன்னு."

அந்த வாரக் கடைசியில் தங்கதுரை லாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வந்தான். "ஊருக்கு நல்லது பண்றேன்னு சொல்லி எம்புள்ளைய நாய்கிட்ட கடிபட வுட்டியா?" என்று கேட் அதிரக் கத்தினான். எதிர்த்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்து, அதற்கான பதிலோடுதான் வந்திருந்தான்.

"தப்புதாங்க" என்றாள் பானுமதி. "வாயால சொல்லி அனுப்பிட்டா போதும்னு நெனைச்சேன். வந்து வூட்டப் பாத்திருக்கணும். சின்னப் புள்ள எங்க வெளையாடுது, நாய்க்கு எங்க சோறு வைப்பாங்கன்னு பாத்திருக்கணும்."

தங்கதுரை அங்கே கட்டியிருந்த செவலையைப் பார்த்தான். அது வாலை ஆட்டியது. "இனிமே அத எங்க வூட்டுப் பக்கம் கொண்டாராத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அதிலிருந்து, வாங்குகிறவர் வீட்டை நேரில் போய்ப் பார்க்காமல் அவள் யாருக்கும் நாய் கொடுப்பதில்லை. சிலருக்குக் கோபம் வந்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்க்கிறாளே என்றார்கள். கொட்டகையில் கூட்டம் ஏறியது, சோறு பற்றாமல் போயிற்று. அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. இலக்கியாவுக்கு எல்லாத் தவணையும் போட்டு முடித்தார்கள். மணிக்கட்டில் இரண்டு சிறு வெள்ளைத் தழும்பு நின்றது. செவலையை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. அது கேட்டுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது.

ஸ்கூல் திறந்து கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம் வேல்விழி மகளோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். "பாக்கணும்னு ஒரே அடம்க்கா. இவுங்க அப்பாவுக்குத் தெரியாது."

இலக்கியா அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். செவலை எழுந்து உடம்பை உதறியது. அவள் சட்டென்று சேலைக்குள் ஒளிந்தாள், பிறகு மறுபடி ஒரு கண்ணை மட்டும் நீட்டினாள். "வா, தொட்டுப் பாரு, ஒண்ணும் பண்ணாது" என்று பானுமதி சொல்லவில்லை. அந்தப் பயம் எவ்வளவு தூரம், எவ்வளவு காலம் கூட வரும் என்று அவளுக்குத் தெரியும். கேட்டைத் திறக்காமல், நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இங்கேருந்தே பாரு கண்ணு. போதும்னா சொல்லு."

வெகுநேரம் பார்த்துவிட்டு, "போதும்" என்றாள் இலக்கியா. அம்மாவும் மகளும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள்.