ஆடிட்டர் நம்பர்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் கதவைத் தட்டிக் கணக்கெடுப்பது என் பிழைப்பு. புள்ளியியல் அலுவலகத்தில் ஒப்பந்தப் பணியாளர். ஆண்டுதோறும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதத்தில் மட்டும் என் வாய் கொஞ்சம் அடங்கியிருக்கும். மற்ற மாதங்களில் அதற்குப் பூட்டுப் போட ஆளில்லை என்பார்கள் வீட்டில்.

முன்பெல்லாம் ஒரே கம்பெனிக்கு நாங்கள் தனித்தனியாகப் போய் நிற்போம். பெரிய தொழிற்சாலைகளுக்கு ஒரு சர்வே, நாலைந்து பேரை வைத்துத் தைக்கும் சிறு யூனிட்டுகளுக்கு ஒன்று, கூலியைப் பற்றி இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி லிஸ்ட், தனிப் படிவம், தனி ஆள். திங்கட்கிழமை நான் கேட்ட கேள்வியை வியாழக்கிழமை இன்னொருவர் போய்க் கேட்பார். "ஏனுங்க, நீங்க உங்களுக்குள்ளயே பேசிக்க மாட்டீங்களா?" என்று ஒரு வாட்ச்மேன் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்ததால் வந்த கோபம்.

அதனால் எல்லா சர்வேக்களையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவரப் போகிறோம் என்று பயிற்சி வகுப்பில் அறிவித்தபோது முதலில் கை தட்டியவள் நான்தான். இனி ஒரு நிறுவனத்துக்கு ஒரு எண், ஒரு படிவம், ஒரு ஆள். பழைய லிஸ்ட்டுகளையெல்லாம் கணினியில் கொட்டுவார்கள். ஒரே நிறுவனம் இரண்டு மூன்று இடத்தில் இருப்பதாகத் தோன்றினால் கணினி எங்களைக் கேட்கும். 'ஒன்றுதான்' அல்லது 'வேறு' என்று நாங்கள் அழுத்த வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது.

கணினி பார்ப்பது முகவரியையும் போன் நம்பரையும். இங்கேதான் எங்கள் ஊர் அதற்கு வேலை வைத்தது. திருப்பூரில் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்து, அரசாங்கத்திலிருந்து வருகிறேன் என்றாலும் முதல் பதில் ஒன்றே: "எதுன்னாலும் ஆடிட்டர்கிட்டப் பேசிக்குங்க." முதலாளியின் நம்பரைக் கேட்டால் ஆடிட்டர் நம்பர்தான் வரும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் நாங்கள் விவரம் பதியும் டேப்லெட் அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஆகவே வருடக்கணக்காக நாங்கள் எல்லோரும் ஆடிட்டர் நம்பரையே எழுதிவந்தோம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். ஒரு ஆடிட்டர் ஆபீஸின் நம்பர் எனக்கு என் வீட்டு நம்பரைவிட நன்றாக மனப்பாடம்.

கணினிக்கு இந்த வழக்கம் எப்படித் தெரியும்? துணி பின்னுகிறவர், சாயம் போடுகிறவர், பிரிண்டிங் அடிக்கிறவர், தைக்கிறவர் என்று அந்த ஆடிட்டரிடம் போகிற அத்தனை பேரையும் ஒரே நிறுவனமா என்று கேட்டது. அன்று அலுவலகத்தில் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பாவம், தனக்கே தெரியாமல் ஊரில் பாதிக்கு அந்த ஆடிட்டர் முதலாளி ஆகியிருந்தார்.

பிரிக்க உட்கார்ந்தபோது சிரிப்பு போய்விட்டது. கெடுவோ மூன்று நாள். நான் எனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். நம்பர் ஒன்றாக இருந்து கதவெண் வேறாக இருந்தால் 'வேறு'. இரண்டும் ஒன்றாக இருந்தால் 'ஒன்றுதான்'. பெருமாநல்லூர் ரோட்டில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பெயர்கள் வந்தன. கணவன் பெயரில் ஒரு கம்பெனி. மனைவி பெயரில் ஒரு பவர் டேபிள். அதாவது மற்றவர்கள் வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட். மனைவி பெயரில் சும்மா ஒன்றைப் பதிந்து வைப்பதை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். யோசிக்கவே இல்லை. 'ஒன்றுதான்' என்று அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு போன் வந்தது.

"ஏனுங்க, சர்வே மேடமுங்களா? லெட்டர்ல உங்க நம்பர் போட்டிருந்துதுங்க. என்ற கம்பெனிய எதுக்குங்க அவரு கம்பெனியோட சேத்துனீங்க?"

அவர் என்றது கணவரை. பெருமாநல்லூர் ரோட்டுப் பவர் டேபிள்கார அம்மா. அவர் சொல்லச் சொல்ல எனக்குக் காது சுட்டது. இருவரும் பிரிந்து நான்கு வருடமாகிறது. கோர்ட்டுக்குப் போகாமல் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசிப் பிரித்துவிட்ட பிரிவு. இடத்தைப் பிரித்தார்கள், மிஷின்களைப் பிரித்தார்கள். கதவெண்ணையும் ஆடிட்டரையும் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போது ஒரு நிறுவனத்துக்கு ஒரு படிவம் என்பதால் படிவம் கணவருக்குப் போயிருக்கிறது, இவருடைய யூனிட்டை அவருடைய கிளை என்று போட்டு.

"எத்தன டெய்லரு, என்ன கூலி, எத்தன பீஸு தைக்கறேன்னு எல்லாத்தயும் அவருக்கு எழுதிக் குடுக்கோணுமாமுங்க. அவருதான் சேத்து அனுப்புவாராமுங்க. குடுத்தா அடுத்த வாரமே என்ற டெய்லருகள அந்தப் பக்கம் இழுத்துக்குவாருங்க. அப்பறம் நான் ஷெட்டப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதானுங்க."

மிகைப்படுத்தவில்லை. இந்த ஊரில் நல்ல டெய்லர் கிடைப்பது குதிரைக் கொம்பு. பக்கத்துக் கம்பெனியில் என்ன கூலி என்று தெரிந்தால் ஒரு போனில் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

மறுநாள் போனேன். காம்பவுண்டின் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடித்திருந்தது. இரண்டு பக்கமும் தனித்தனி வாசல். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். சேலைத் தலைப்பில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அந்த மரியாதைக்குப் பதிலாக நான் பாட்டுக்குத் தற்காப்பில் இறங்கினேன்.

"போன வருசம் எடுத்த கணக்குல ரெண்டுக்கும் விவரம் ஒண்ணாத்தானுங்க இருந்துச்சு" என்றேன்.

"போன வருசம் நீங்க வரவே இல்லீங்களே. வந்திருந்தாத் தகரத்தப் பாத்திருப்பீங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளின் இலையை யாரோ வழித்துக் காட்டியது போல இருந்தது. அந்தப் படிவத்தை நான் ஆடிட்டர் ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அங்கிருந்த கிளார்க் சொல்லச் சொல்ல எழுதினேன். அடியில் 'நேரில் சென்று சேகரித்தது' என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை தேடிப் பயனில்லை.

சேர்த்ததைப் பிரிக்க வேண்டுமானால் காரணம் காட்டித் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும். என் அதிகாரி நல்ல மனிதர், வம்பு தும்புக்குப் போகாதவர். "இந்த வருசந்தான் பிரிஞ்சாங்கன்னு எழுதிருங்கம்மா. புது யூனிட்டா ஏத்திக்குவாங்க. யாருக்கும் பிரச்சினை இல்ல" என்றார்.

அரை நாள் அதே நினைப்பாக இருந்தேன். ஒப்பந்தம் முடிய ஒரு மாதம்தான் பாக்கி. அவர் சொன்னபடி எழுதினால் எனக்கு ஒரு கீறலும் விழாது. ஆனால் அந்த அம்மா தனியாக நின்று ஓட்டிய நான்கு வருடமும் இல்லாமல் போகும். கணவனின் நிழலில் இருந்து இந்த வருடம்தான் வெளியே வந்தவர் என்றாகிவிடும். அதை எழுதும் கையும் என் கையாகவே இருக்கும். பயமாகத்தான் இருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணம், வண்டிக் கடன், எல்லாம் கண்முன் வந்து போயின. கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: போன வருடம் அந்த இடத்துக்கு நான் போகவில்லை, ஆடிட்டர் ஆபீஸில் சொன்னதை எழுதினேன், அந்த யூனிட் நான்கு வருடமாகத் தனி. அதிகாரி படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு மேலே அனுப்பினார்.

எனக்கு ஒரு மெமோ வந்தது. ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குத்தான் ஒப்பந்தம் நீட்டித்தார்கள். பிறகு ஒரு நாள் கணினியில் அந்த யூனிட் தனி எண்ணோடு வந்தது. புதிய படிவத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

அந்த அம்மா ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் கொடுக்க வேண்டிய வேலை, எழுந்திருக்க முடியாது என்றார். தைத்துக்கொண்டே பதில் சொன்னார். ஆடிட்டர் நம்பரை அழித்துவிட்டு அவருடைய நம்பரைக் கேட்டேன், சொன்னார்.

"மொத்தம் எத்தன பேருங்க வேல செய்யறீங்க?"

"ஒம்பது பேருங்க. டெய்லரு அஞ்சு, கைமடி மூணு, செக்கிங் ஒண்ணு."

இந்த முறை நான் எழுந்து நடந்து எண்ணினேன். துணி அடுக்கித் தரும் கைமடிப் பெண்கள் மூன்று பேர், செக்கிங் மேசையில் ஒருவர், ஓடிக்கொண்டிருந்த மிஷின்கள் ஆறு.

"மிஷின் ஆறு ஓடுதுங்களே?"

"இது நானுங்க." சிரித்தார். "என்னயுமா எழுதுவீங்க?"

"உங்களுக்குன்னே ஒரு கட்டம் இருக்குதுங்க. கூடவே வேல செய்யற மொதலாளின்னு."

மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பார்த்தார். நான் அந்தக் கட்டத்தில் ஒன்று என்று போட்டதை, தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் இதுல என்னங்க எழுதியிருந்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"சைபருங்க" என்றேன்.