வரவேற்புக்குப் போட்ட வெள்ளைக் கோடு

வீரராகவனுக்கு ஒரு வியாதி உண்டு. பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் போதும், தரையில் பிளீச்சிங் பவுடரைக் கோடாகத் தூவாமல் அவரால் இருக்க முடியாது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் இருபத்திரண்டு வருடம் சூப்பர்வைசராக இருந்தபோது பிடித்த வியாதி அது. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் கூரை ஒழுகினாலும் சரி, கேட்டிலிருந்து கழிவறை வரை வெள்ளைக் கோடு போட்டுவிடுவார். வந்தவர்களும் டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் ஒரு கம்பெனி, ஊத்துக்கோட்டைப் பக்கத்து விவசாயிகளின் இயற்கை மிளகாயை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒருங்கிணைப்பாளராக வைத்தது. விவசாயம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. பைக் இருக்கிறதா என்று கேட்டார்களாம்.

கனகாம்பாளின் ஒன்றரை ஏக்கர் அவர் கண்காணிப்பின் கீழ் வந்தது. யூரியா கூடாது, மருந்து கூடாது என்று நித்தம் உபதேசம். கொசுவத்தியைக்கூடக் களத்துப் பக்கம் ஏற்ற விடமாட்டார் மனிதர். இரண்டு வருடம் இலை சுருண்டு மகசூல் பாதியானது. அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேப்பங்கொட்டையை இடித்துக் கரைத்துத் தெளித்தாள். மூன்றாம் வருட மிளகாய்க்கு இயற்கை விளைச்சல் என்று சான்று கிடைத்தால் கப்பலேறும். கிடைக்காவிட்டால் நிலத்தைக் குடோன் கட்டக் கேட்கிறவனுக்கு விற்றுவிட வேண்டும் என்று மகன் பார்த்திபன் கெடு வைத்திருந்தான், அவளும் ஒப்புக்கொண்டிருந்தாள்.

சான்று தர கிறிஸ்டினா என்ற அதிகாரி சென்னையிலிருந்து வரும் நாள். விடிந்ததும் விடியாததுமாக வீரராகவன் இரண்டு மூட்டை பவுடரோடு வந்து, வரப்பு நெடுக, மிளகாய் காயும் களத்தைச் சுற்றிலும் கோடு போட்டார். காற்றுக்குக் கோடு தெரியுமா? சிவப்புக் குவியல் மேல் வெள்ளையாகப் படிந்தது.

கிறிஸ்டினா சால்வையைக்கூட வாங்கவில்லை. இது என்ன என்று கேட்டார். சுத்தத்துக்கு, மேடம், கிருமி அண்டாது என்றார் நம்மாள், பெருமையாக! பிளீச்சிங் பவுடரும் ரசாயனம்தான், இந்தக் குவியலுக்குச் சான்று தர முடியாது என்று எழுதிக்கொடுத்துவிட்டு அந்தம்மா காரில் ஏறினார்.

மூன்று வருடமும் சார், சார் என்று அழைத்த கனகாம்பாள் அன்று அந்தச் சொல்லை விட்டுவிட்டாள்.

"அத்தப் போடாத, இத்தப் போடாதன்னு மூணு வருசமா என் உயிர எடுத்தியே. எல்லாத்தையும் பொறுத்துக்கினேன். கடசில நீயே வந்து போட்டுட்டுப் போறியே, உனுக்கு நான் இன்னா பாவம் பண்ணேன்?"

அந்த மிளகாய் ஊத்துக்கோட்டைச் சந்தைக்குப் போய், யூரியா மிளகாயோடு ஒரே குவியலில் விழுந்தது. மறுநாள் பார்த்திபன் சர்வேயரைக் கூட்டி வந்தான். கனகாம்பாளே முன்னால் நடந்து எல்லைக்கற்களைக் காட்டினாள்.