எட்டாவது நிமிடத்தில் வந்த குரல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஒரகடம் கூட்டு ரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே என் கார் மாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் தன் போனைக் கார் ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டால் என் காதுக்கு அன்றைக்கு உபவாசம்தான். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. முதலில் ஆர்கன். மாதாகோயில் ஆர்கன் மாதிரியேதான், ஆனால் யாரோ துரத்துவதைப் போலக் கொஞ்சம் அவசரப்படுகிற ஆர்கன். பத்து விநாடியிலேயே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

நண்பரே, அந்தப் பாட்டை நான் தீ வைத்துக் கொளுத்தியிருக்கிறேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. சபையார் கூடி நிற்க, மண்ணெண்ணெய் ஊற்றி, என் கையாலேயே தீக்குச்சி கிழித்துப் போட்டேன்.

"இது எங்கருந்து வந்துச்சு?" என்றேன்.

"அதுவா வருதுப்பா. ப்ராக் ராக்னு ஒரு வகை இங்கிலீஷ் ராக் பாட்டு. உங்க காலத்துக்கும் முன்னாடி உள்ளது. மாத்தட்டா?"

"வேணாம். ஓடட்டும்."

எட்டாவது நிமிடத்தில் அந்த உறுமல் வரும் என்று எனக்குத் தெரியும். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், நான் பாட்டின் நிமிடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏழு ஆனது. எட்டு ஆனது. ஒரு புல்லாங்குழல் வந்தது. பிறகு பத்துப் பேர் சேர்ந்து மெதுவாகப் பாடினார்கள். ஒன்பது, பத்து, பன்னிரண்டு. உறுமல் வரவேயில்லை.

அந்த உறுமலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பெயின்ட் தின்னர் வாசனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் என்னோடு ரூமில் இருந்த செல்வின் மீது எப்போதும் அந்த வாசனை அடிக்கும். அவனுக்குப் பெயின்ட் ஷாப்பில் வேலை, நான் இன்னொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் டிரெய்னி. அவன் ஊர் தூத்துக்குடி. எனக்கு மணிமங்கலம், கூப்பிடு தூரம். ஷிப்டுக்கு பஸ் இல்லை என்று வீட்டில் புளுகிவிட்டு ரூம் எடுத்துக்கொண்டேன். வயசு அப்படி. நெல் விளைந்த நிலத்தில் வரிசையாக எட்டு அறை கட்டி, மேலே சிமென்ட் ஷீட் போட்டிருந்தார்கள். பகலில் உள்ளே இருந்தால் இட்லிக்கு உள்ள மரியாதைதான் நமக்கும்.

செல்வினின் தாய்மாமா கப்பலில் வேலை பார்த்தவர். அவரிடமிருந்து இவனுக்கு இந்த இருபது நிமிடப் பாட்டுப் பைத்தியம் தொற்றியிருந்தது. அறுபது நிமிடக் கேசட் ஒன்றின் ஒரு பக்கத்தில் அதைப் பதிந்து வைத்திருந்தான். ஞாயிறு காலை அதை ஓடவிட்டுத்தான் துணி துவைப்பான். வீட்டு ஓனர் ஒருநாள் வாசலில் வந்து நின்று கேட்டார், "இன்னா தம்பி, பாட்டா இது, ரைஸ்மில்லா? நான் ரெண்டு மாட்டயும் குளிப்பாட்டிக் கட்டிட்டு வந்துட்டேன், இன்னும் அதே ஓடிக்கினு கீது."

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. செல்வின்தான் ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னான். "இத பாட்டா கேக்காத மக்கா, ஆராதனையா கேளு. முதல்ல துதி, அப்புறம் பாவ அறிக்கை, நடுவுல எல்லாரும் அமைதியா இருப்பாங்கல்லா, அதுவும் உண்டு, கடைசில அல்லேலூயா." கேட்டுப் பார்த்தேன், அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவன் ஷிப்டுக்குப் போன நேரங்களில் திருட்டுத்தனமாக நானே போட்டுக் கேட்க ஆரம்பித்தேன். டேப் ரெக்கார்டரைத் தொட அவன் தடை சொன்னதில்லை. அந்தக் கேசட்டை மட்டும் தொடாதே என்றிருந்தான், அவ்வளவுதான். மறுபக்கத்தில் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "அது வீட்டு விசயம்" என்று உறையில் போட்டு மூடிவிட்டான். அவன் அப்பா தவறி அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிற புத்தி எனக்கு இல்லை.

எங்கள் சபை ஒரு தகரக் கொட்டகை. முழுக்கக் கம்பெனிப் பையன்கள். ஏ ஷிப்டா, பி ஷிப்டா, ஓ.டி. உண்டா என்று கேட்டுத்தான் பாஸ்டர் ஆராதனைக்கு நேரம் குறிப்பார். நல்ல மனிதர். ரூமில் ஒருவன் காய்ச்சலில் படுத்தால் தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து நிற்பார். செல்வின் அங்கே கீபோர்டு வாசித்தான். அவன் வாசிக்கிற ஞாயிறுகளில் ஓ.டி.யை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு.

ஒரு ஞாயிறு வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், மேல்நாட்டு ராக் பாட்டுகளுக்கு உள்ளே சாத்தான் தன் குரலை ஒளித்து வைத்திருக்கிறான் என்று ஒரு மணி நேரம் பேசினார். செல்வின் கீபோர்டுக்குப் பின்னால் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருட்டுத்தனமாகக் கேட்பவனுக்குத்தான் பயம் அதிகம்.

பயந்தவன் கேட்பதையாவது நிறுத்தினேனா? இல்லை. அந்த வாரமே செல்வின் வேலைக்குப் போயிருந்தபோது போட்டேன். டேப் ரெக்கார்டர் கேசட்டைத் தின்றுவிட்டது. நாடா கொத்துக் கொத்தாக வெளியே வந்து கசங்கிக் கிடந்தது. மெயின்டனன்ஸ்காரன் அல்லவா, அசரவில்லை. கசங்கிய துண்டைப் பிளேடால் வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் செல்லோ டேப்பால் ஒட்டி, பென்சிலால் சுற்றி உறையில் வைத்துவிட்டேன். அவனிடம் வாயே திறக்கவில்லை. நான்கு நாள் கழித்து மறுபடி போட்டேன். எட்டாவது நிமிடம் வந்ததும் பாட்டு சட்டென்று அறுந்தது. அப்புறம் ஓர் ஆண் குரல். குழிக்குள்ளிருந்து வருகிற மாதிரி மூச்சை உள்ளே இழுத்து இழுத்து உறுமுகிறது. எந்த மொழி என்றும் தெரியவில்லை. கேசட்டை உருவிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் பாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன்.

பாஸ்டரும் கேட்டார். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இத்தன நாளா இது வரலயா?" என்றார். வரவில்லை என்றேன். அது உண்மைதானே. "சத்தியத்த கேட்ட பிறகு மறைஞ்சிருக்க முடியாம வெளிய வந்துட்டான்பா" என்றார். வெட்டியதையும் ஒட்டியதையும் பற்றி நான் சொல்லவில்லை. திட்டம் போட்டு மறைத்தேன் என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் அது என் ஞாபகத்திலேயே இல்லை.

அடுத்த ஞாயிறு சபைக்குச் செல்வினின் அம்மாவும் வந்திருந்தார். மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, இரண்டு நாளாக ஓனர் வீட்டில் தங்கியிருந்தார். பாஸ்டர் என்னை முன்னால் அழைத்து, நடந்ததைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார். பிறகு கேசட்டைப் போட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் மைக்கைப் பிடித்தார். அந்த உறுமல் தகரக் கொட்டகை முழுக்க நிறைந்தது. ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். இயேசுவின் நாமத்தில் வெளியே போ என்று எல்லாரும் கையை நீட்டி அதட்டுகிறார்கள், நானும் தொண்டை கிழிய அதட்டுகிறேன். செல்வின் மட்டும் கீபோர்டுக்குப் பின்னால் நின்றிருந்தான். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் முன்னால் வந்து, "பாஸ்டர், அந்தக் கேசட்ட எங்கிட்ட குடுத்துருங்க" என்றான். "விட்ரு மகனே, பற்ற விட்ரு" என்றார் அவர். செல்வின் ஒரு தரம் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

கொட்டகைக்குப் பின்னாலிருந்த காலியிடத்தில் எரித்தோம். மற்றப் பையன்களும் தங்கள் சினிமாப் பாட்டுக் கேசட்டுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். தீ வைக்கும் பாக்கியம் எனக்கு. பிளாஸ்டிக் எரிகிற அந்த நாற்றம் மூன்று நாள் என் சட்டையில் இருந்தது. அந்த வாரமே செல்வின் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். வெட்கப்பட்டுப் போகிறான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். சபையில் கீபோர்டு ரொம்ப நாள் துணி மூடிக் கிடந்தது.

நான் மட்டும் பிரபலமாகிவிட்டேன். படப்பை, தாம்பரம் என்று பல சபைகளில் இந்தச் சாட்சியைச் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. முதலில் வெறும் புகை, பிறகு கரும்புகை, அப்புறம் புகைக்குள்ளிருந்து ஓர் அலறல். என் மகள் குழந்தையாக மடியில் உட்கார்ந்து கேட்ட காலத்திலேயே அலறல் வந்துவிட்டது.

அதனால்தான் காரில் பாட்டு முடிந்ததும் அவள் கேட்டாள். "அப்பா, உங்க சாட்சில வர்ற பாட்டா இது?"

"ஆமா."

"சாத்தான காணோமே."

அவள் யோசித்துவிட்டு, "அப்ப அந்தக் கேசட்ட யாராச்சும் நோண்டியிருப்பாங்க" என்றாள்.

முன்னால் லாரிகள் நகர ஆரம்பித்திருந்தன, நான் கிளட்சைச் சட்டென்று விட்டதில் வண்டி அணைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில், இத்தனை சபைகளில், பிளேடைப் பற்றியும் செல்லோ டேப்பைப் பற்றியும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பழைய டேப் ரெக்கார்டரை இறக்கினேன். மெயின்டனன்ஸ்காரன் வீட்டில் எந்த மெஷினும் லேசில் சாகாது. கேசட் என்று மிச்சமிருந்தது எங்கள் கல்யாணக் கேசட் மட்டும்தான். ஒரு பக்கம் பாட்டுகள், மறுபக்கம் அதே பாஸ்டர் எங்களுக்குச் செய்த ஆசீர்வாத ஜெபம். அதைப் பிளேடால் வெட்டினேன். "உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று மனைவி சத்தம் போட்டாள். ஒரு முனையைப் புரட்டி, உள்பக்கம் வெளிப்பக்கமாகும்படி ஒட்டி, பாட்டுப் பக்கத்தைப் போட்டேன். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. ஒட்டு வந்ததும் அறுந்தது. அப்புறம் குழிக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், மூச்சை இழுத்து இழுத்து உறுமியது. பாஸ்டர் எங்களை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார், பின்னாலிருந்து முன்னால். மனைவி சத்தம் போடுவதை நிறுத்திவிட்டாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாத்தான் எங்கிருந்தும் வரவில்லை. நான் நாடாவைப் புரட்டி ஒட்டியதால் செல்வினின் கேசட்டில் மறுபக்கம் இருந்தது தலைகீழாக வந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மெயின்டனன்ஸ் ஆளுக்கு இருபத்தைந்து வருஷம் பிடித்திருக்கிறது, பாருங்கள்.

பாஸ்டரிடம் போய்ச் சொல்லலாம் என்றால் அவர் கர்த்தருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கொட்டகையும் இல்லை. கேசட் எரித்த இடத்தில் இப்போது ஒரு லாஜிஸ்டிக்ஸ் கோடவுன் நிற்கிறது, ஓனரின் எட்டு அறைகள் மூன்று மாடி ஹாஸ்டலாகிவிட்டன. பாட்டை மட்டும் இப்போது தினமும் கேட்கிறேன். அதில் எனக்கு ஒப்பாத வரிகளும் உண்டு. ஆனால் பன்னிரண்டாவது நிமிடத்துக்கு மேல் ஒரு மனிதன் இருட்டில் நின்று வெளிச்சத்தைக் கேட்டுக் கெஞ்சுகிறான், பைபிளில் சங்கீதக்காரன் கெஞ்சுவதைப் போலவே. இதையா நான் எரித்தேன் என்று ஒவ்வொரு முறையும் திக்கென்று இருக்கிறது.

பழைய சபை ஆட்களின் வாட்ஸாப் குழுவில் கேட்டு செல்வினின் நம்பர் வாங்கினேன். நேற்று மதியம் பேசினேன். தூத்துக்குடியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான்.

"ஏல, நீயா? இன்னும் இருக்கியா?" என்று சிரித்தான்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "செல்வினு, அந்தக் கேசட்ட நான்தான்டா வெட்டி ஒட்டுனேன். திருப்பி ஒட்டிட்டேன். அது சாத்தான் இல்ல. அந்தப் பக்கம் இருந்ததுதான் தலைகீழா வந்துச்சு. அதுல இன்னாடா இருந்துது?"

"எங்கப்பா" என்றான். "லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப ஒரு வாரமா அப்பா பண்ணுன குடும்ப ஜெபம். நான்தான் டேப்ப பக்கத்துல வச்சுப் பிடிச்சேன்."

அவனே தொடர்ந்தான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மக்கா. மைக்குல வந்த உடனயே தெரிஞ்சுபோச்சு. அப்பா ஜெபத்துக்கு இடையில இருமுவாக. எப்படித் திருப்பிப் போட்டாலும் இருமல் இருமல்தான."

"அப்புறம் ஏன்டா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா பாஸ்டர் நிறுத்தியிருப்பாரே."

"அம்மா முதல் பாய்ல இருந்தா. எல்லாரு கூடயும் சேந்து அவளும் கைய நீட்டி, வெளிய போ, வெளிய போன்னு கத்திக்கிட்டு இருந்தா. அவகிட்டப் போயி, எம்மா, நீ விரட்டுதது அப்பாவன்னு நான் எப்படிச் சொல்ல?"

மன்னித்துவிடு என்றேன். "சரி விடு" என்றான். அம்மா போன வருஷம் இறந்துவிட்டார்களாம். அப்பா ஜெபத்தைப் பிடித்து வைத்த கேசட் எங்கே என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்களாம். கம்பெனி ரூமில் தொலைந்துவிட்டது என்றே இவனும் கடைசிவரை சொல்லியிருக்கிறான்.

"அப்பா என்னன்னுடா ஜெபம் பண்ணுவாரு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வார்த்தை ஒண்ணும் ஞாபகம் இல்ல மக்கா" என்றான் செல்வின். "மறந்துரக் கூடாதுன்னுதான பிடிச்சு வச்சிருந்தேன்."