நான் எழுதிய கொழுந்துக்காரி

தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்தபோது, தலவாக்கலையில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு கட்சியின் 'மீடியா டீம்' என்றார்கள். எட்டுப் பேர், எட்டு நாற்காலி, கீழிருந்து எந்நேரமும் ஏறிவரும் பணிஸ் வாசம். ஆளுக்கு ஏழெட்டு ஃபேக் ஐடி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் போஸ்ட் போட்டால் மற்றவர்கள் வெவ்வேறு பெயரில் 'உண்மைதான்' என்று கமெண்ட் போட்டு ஷேர் பண்ண வேண்டும். யாராவது மாற்றிப் பேசினால், எதிரணியிடம் காசு வாங்கியவர் என்று எல்லாரும் சேர்ந்து மொய்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கொழும்பிலிருந்து வரும் வாசகங்கள் வானொலிச் செய்தி மாதிரி விறைப்பாக இருக்கும். அவற்றைத் தேயிலைத் தோட்டத்துப் பேச்சாக மாற்றுவது என் பொறுப்பு. அதற்காக லிந்துலைப் பக்கம் கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவை உருவாக்கினேன். முகத்துக்குப் பதில் செவ்வந்திப் பூப் படம். அவள் பேச்சைத் தேடி எங்கும் அலையவில்லை. என் அம்மாவும் கொழுந்துக்காரிதான். அம்மா பேசுவதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மேலிடத்தார் எல்லாவற்றையும் மாலை ஏழு மணிக்குப் போடச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், அந்நேரம் எங்க பொம்பளைங்க நாடகம் பாப்பாங்க. பத்து மணி நிறுவைக்குப் போடுவோம்."

கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போதுதான் பெண்கள் போனை எடுப்பார்கள். ஒருத்தி வாசித்தால் பத்துப் பேர் கேட்பார்கள். யோசனை பிரமாதமாகப் பலித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் எதிரணியினர் தோட்டம் தோட்டமாக வீடு கட்டக் காணித் துண்டு கேட்கும் விண்ணப்பப் பாரம் கொடுக்கத் தொடங்கினார்கள். என் அக்கா உடனே எழுதினாள்: "தங்கச்சிமாரே, அதுல கையெழுத்து வச்சா லயத்துக் காம்பிராவும் போயிரும், வேலையும் போயிரும். எங்க பக்கம் நடந்துருச்சு."

எங்கேயும் நடக்கவில்லை. அம்மாவின் தோட்டத்துக்கும் அந்தப் பாரம் போகும் என்று எனக்குத் தோன்றவுமில்லை.

போயிருந்தது. கையெழுத்து வைக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழன் மாலை நான் வீட்டுக்குப் போனால், அம்மா பாரத்தை அடுப்பு பற்றவைக்க விறகுக்குள் செருகி வைத்திருந்தார். முப்பது வருடமாக லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பிராவில், மழைக்கு மூன்று இடத்தில் சட்டி வைத்து வாழ்கிறவர்.

"அம்மா, அது பொய். நான்தான் எழுதினேன்."

"போடி. அந்தச் செவ்வந்திப் பூ அக்கா எங்கள மாதிரி மலையில நிக்கிறவங்க. டவுன்ல ஒக்காந்து வேலை பாக்குற ஒனக்கு என்னா தெரியும்? நெருப்பில்லாம பொகையுமா?"

போனைக் காட்டினேன். அம்மா திரும்பியும் பார்க்கவில்லை.

சரி, அக்காவே சொல்லட்டும் என்று மறுநாள் பத்து மணி நிறுவைக்குப் போட்டேன்: "தங்கச்சிமாரே, நான் சொன்னது பொய். மன்னிச்சுக்கங்க. போய்க் கையெழுத்து வைங்க." ஐந்து நிமிடம் ஆகவில்லை, என் கூட்டாளிகள் ஏழு பேரும் பழகிய கையோடு மொய்த்துவிட்டார்கள். 'எவ்வளவு வாங்குன?' 'எங்கள வித்துட்டியா?' சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்திருந்தேன். வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

நாலரை மணிக்கு அம்மா போனில் கோல் எடுத்தார்.

"பாத்தியாடி? அந்த அக்காவ மெரட்டி எழுத வச்சுட்டாங்க. பாவம், என்னா பாடு படுறாங்களோ. எங்க லயத்துல ஒருத்தருமே கையெழுத்து வைக்கல, பாரம் வாங்க வந்தவங்க திரும்பிப் போயிட்டாங்க. நீ டவுன்லதான இருக்க, அவங்க எந்தத் தோட்டம்னு கொஞ்சம் விசாரி. நாங்க ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துட்டு வர்றோம்."