எங்கள் முறுக்கு அச்சைத் திட்டிய அக்காக்கள்

எங்கள் கம்பெனி வெப்சைட்டின் அடியில் ஒரு கவுன்ட்டர் இருந்தது. யாராவது வந்து பார்த்தால் ஒரு எண் கூடும். முதலாளி தினமும் காலையில் அதைத் திறந்து பார்ப்பார். எண் ஒன்று கூடியிருக்கும். இன்றைக்கும் ஒருத்தன் வந்து போயிருக்கிறான் என்று சந்தோஷப்படுவார். அந்த ஒருத்தன் அவர்தான் என்று சொல்ல எனக்கு நான்கு மாதம் தைரியம் வரவில்லை. சொன்ன அன்று அவர் முகம் போன போக்கைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் ஒரு ஷெட், நான்கு லேத், இருபது பேர். முன்பு லாரிகளுக்கு புஷ் என்கிற உலோக வளையம் கடைந்து கொடுத்தார்கள். அந்த வேலை குறைந்ததும் முதலாளி எவர்சில்வரில் முறுக்கு அச்சு செய்ய ஆரம்பித்தார். மேலே உள்ள கைப்பிடியைச் சுற்றினால் மாவு கீழே இறங்கும் வகை. நான் பி.காம். முடித்து, பொன்னேரியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கிளாசும் போயிருந்தேன். அங்கிருந்தே ரயிலில் வந்து போய் ஆபீசில் டைப் அடிப்பது என் வேலை. வெப்சைட் என்று ஒன்று வந்ததும் அதுவும் என் தலையில் விழுந்தது. போன் லைன் வழியாகத்தான் இன்டர்நெட். நான் உள்ளே போனால் கம்பெனிக்கு வருகிற போன் எல்லாம் எங்கேஜ்டு. அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரம் மட்டும் எனக்கு அனுமதி. ஒரு கையில் சோறு, இன்னொரு கையில் மவுஸ்.

கவுன்ட்டர் விஷயம் உடைந்ததும் முதலாளி கெடு வைத்தார். தீபாவளிக்குள் வெப்சைட் வழியாக ஒரு ஆர்டராவது வர வேண்டும், இல்லையென்றால் லைனை வெட்டிவிட்டு என்னை பேக்கிங் பிரிவுக்கு அனுப்பிவிடுவார். பேக்கிங்கை நான் கேவலமாகச் சொல்லவில்லை, என்னோடு ரயிலில் வருகிற பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் பெண் நான். என்னைப் படிக்க வைப்பதற்காக என் அம்மா எத்தனையோ பேர் வயலில் நாற்று நட்டிருக்கிறாள். அவளிடம் போய், நாளையிலிருந்து அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன் என்று எப்படிச் சொல்வது? அந்த நாற்காலியை விட எனக்கு மனசே இல்லை.

அப்போது இணையத்தில் தமிழ்ப் பெண்களுக்கென்று ஒரு சமையல் குழுமம் இருந்தது. அமெரிக்கா, துபாய், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருந்தவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, புளிக்குழம்பிலிருந்து மாமியார் வரை எல்லாவற்றையும் அலசுவார்கள். அதை முதலாளியிடம் காட்டினேன். அவருக்கு உடனே ஒரு யோசனை வந்தது. அங்கே ஒரு வாடிக்கையாளரைப் போல நுழைந்து, நம் அச்சு அருமை என்று எழுதச் சொன்னார். பொய்தானே சார் என்றேன். விளம்பரம் என்றார்.

பொய் என்று சொன்னேனே தவிர, எழுத உட்கார்ந்ததும் எனக்குக் குஷி வந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். நியூஜெர்சியில் ஒரு குடும்பத் தலைவியானேன். கணவருக்கு சாஃப்ட்வேரில் வேலை கொடுத்தேன். இரண்டு பிள்ளைகள், மூத்தவன் நன்றாகப் படிப்பான். பிறகு இப்படி எழுதினேன்: "வெளிய பனி உழுந்துக்கினு இருந்துச்சி. பசங்க ஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்தாங்க. நான் இந்த அச்சுல முறுக்கு பிழிஞ்சிக்கினே போன்ல பேசிக்கினு இருந்தேன். கை வலியே தெரியல." அனுப்பிவிட்டு, திருப்தியாக மோர் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் திறந்து பார்த்தால் மூன்று பக்கத்துக்குப் பதில். ஆர்டர் வந்து குவிந்துவிட்டது என்று ஒரு நிமிடம் நம்பினேன். முதல் பதில் டெக்சாசில் இருந்த ஒரு அக்கா எழுதியது.

"இன்னா தங்கச்சி, நியூஜெர்சியில செப்டம்பர் மாசமே பனி உழுந்துக்கினு கீதா? நான் மீஞ்சூரு. கல்யாணமாகி வந்த மொத வருசமே எல்லாரும் கிண்டல் பண்ணி என் 'கினு'வப் புடுங்கிட்டாங்க. உன்னுது மட்டும் இவ்ளோ பத்திரமா கீதே. நீ எந்த ஸ்டேஷன்ல ரயில் ஏறுற, பொன்னேரியா கவரப்பேட்டையா?"

எங்கள் பக்கத்தில் கினு என்பது பேச்சோடு பேச்சாக வந்து விழுவது. அதை எழுதுகிறோம் என்றே எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் கணவர், பிள்ளைகள், பனி என்று எல்லாம் ஜோடித்திருந்தேன், வாயை மாற்ற மட்டும் மறந்துவிட்டேன். இன்னொருத்தி கேட்டதுதான் இன்னும் மோசம். சுற்றுகிற அச்சுக்கு இரண்டு கையும் வேண்டும், போனை எந்தக் கையில் பிடித்தாய் என்று கேட்டிருந்தாள். அந்த அச்சில் நான் ஒரு முறுக்குகூடப் பிழிந்ததில்லை என்பது அமெரிக்கா வரைக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு ரயிலில் பொன்னேரி வரும்வரை யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. காது இரண்டும் எரிந்தது.

முதலாளி அசரவில்லை. பெயரை மாற்றச் சொன்னார், இந்தத் தடவை லண்டன் என்று போடச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தால் யார் எவர் என்று பார்க்க மாட்டேன், அது என் வியாதி.

"லண்டன்லயும் எனக்கு இதே வாய்தான் சார்" என்றேன்.

அவர் காலண்டரைப் பார்த்தார். எப்படியோ போ, தீபாவளிக்கு இன்னும் அதிக நாள் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு லேத் பக்கம் போய்விட்டார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே குழுமத்தில் எழுதினேன். நியூஜெர்சி பொய், பிள்ளைகள் பொய், பொன்னேரி ஸ்டேஷன் உண்மை. இது நாங்கள் செய்கிற அச்சு, இதைப் பிழிந்து பார்க்காமலே புகழ்ந்தது தப்பு. உங்கள் வீட்டில் இருக்கிற அச்சில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று சொல்லுங்கள், நான் எதையும் விற்க மாட்டேன், கேட்டுக்கொள்கிறேன். குழுமத்தை விட்டே விரட்டிவிடுவார்கள் என்று பயந்தேன். நான்கு நாள் யாரும் ஒன்றும் எழுதவில்லை. ஐந்தாம் நாள் மீஞ்சூர் அக்கா, ஒத்துக்கொண்டதால் பிழைத்தாய், இப்போது கேட்டுக்கொள் என்று ஆரம்பித்தார். பிறகு மடை திறந்தது.

பிழியும்போது மாவு மேலே ஏறி, கைப்பிடி வரைக்கும் வந்துவிடுகிறது. எண்ணெய்க் கையோடு சுற்றினால் வழுக்குகிறது. கைப்பிடியின் முனை உள்ளங்கையைக் குத்திக் கன்றிப் போகிறது. எண்ணெய் காய்ந்தாலே வீட்டில் புகை மணி அலறுகிறது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஓடி வருகிறார். கடைசியாகச் சொன்னதற்கு அச்சு என்ன செய்யும்? ஆனாலும் எழுதிவைத்தேன். ஒரு நீள நோட்டில், அவர்கள் எழுதிய அதே வார்த்தையில். முதலில் 'கைப்பிடி வசதியாக இல்லை' என்று ஆபீஸ் பாணியில்தான் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'சனியன் புடிச்ச கைப்பிடி' என்று அந்த அக்கா எழுதியபடியே எழுதினேன். வசதியாக இல்லை என்று எழுதினால் யாருக்கும் வலிக்காது. திட்டை அப்படியே வைத்தால்தான் எங்கே குத்துகிறது என்று தெரியும்.

பெயர் விஷயமும் அங்கேதான் வெளிவந்தது. எங்கள் வெப்சைட்டில் முதலாளி அச்சுக்கு வைத்திருந்த பெயர் மேனுவல் எக்ஸ்ட்ரூடர். முறுக்கு அச்சு என்று போட்டால் கம்பெனிக்குக் கௌரவக் குறைச்சல் என்பது அவர் எண்ணம். பழவேற்காட்டிலிருந்து துபாய் போயிருந்த ஒரு பெண், எக்ஸ்ட்ரூடர் என்றால் பிளாஸ்டிக் பைப் செய்கிற மிஷின்தானே, அதை அடுப்படிக்கென்று யார் தேடுவார்கள் என்று கேட்டிருந்தாள். தான் இடியாப்ப உரல் என்றுதான் தேடுவதாகச் சொன்னாள். ஒருத்திக்கு அது தேன்குழல் நாழி, இன்னொருத்திக்கு முறுக்குக் குழல். ஒரே சாமானுக்கு இத்தனை பெயர் இருப்பது அதைச் செய்து விற்கிற எங்களுக்குத் தெரியவில்லை.

நோட்டை முதலாளியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். எங்கள் அச்சில் மாவு மேலே ஏறாது, ஒவ்வொன்றையும் அளவு பார்த்துத்தான் அனுப்புகிறோம் என்றார். ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து வரும் மூத்த டர்னர் லேத்தை நிறுத்தினார். முதலாளியை நைனா என்று கூப்பிடும் உரிமை அவருக்கு மட்டும்தான் உண்டு.

"அளவு பாத்தோம் நைனா. மாவு எப்போ போட்டுப் பாத்தோம்?"

இரண்டு வருடமாக அச்சு செய்கிறோம், யாரும் ஒரு முறுக்கு பிழிந்ததில்லை. ஆண்களுக்கு அது ஸ்டீல் வேலை. பெண்களுக்கு வீட்டில் பழைய மர அச்சு இருந்தது, கம்பெனி அச்சு அட்டைப்பெட்டிக்குள் போகிற சரக்கு.

மறுநாள் பேக்கிங்கில் இருந்த ஓர் அக்கா வீட்டிலிருந்து முறுக்கு மாவு அரைத்துக்கொண்டு வந்தார். கேன்டீன் அடுப்பில் எண்ணெய் வைத்தார்கள். முதலாளி முழுக்கைச் சட்டையோடு, நானே பிழிகிறேன் என்று அச்சை வாங்கினார். மூன்று சுற்று நன்றாகத்தான் போனது. நான்காவது சுற்றில் மாவு மேலே வர ஆரம்பித்தது. அவர் விடவில்லை, இன்னும் அழுத்திச் சுற்றினார். கீழே இறங்க வேண்டிய மாவு மேலே ஏறி, அவர் விரல் இடுக்கெல்லாம் பிதுங்கி, சட்டைக் கைக்குள் போனது. எண்ணெய் பட்டு கைப்பிடி வழுக்கியது. பேக்கிங் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எண்ணெயில் விழுந்த ஒரே முறுக்கு நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி கிடந்தது. முதலாளி உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். நடுவில் சிவந்து கன்றியிருந்தது.

"சனியன் புடிச்ச கைப்பிடி" என்றார்.

அதற்கப்புறம் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். அந்த ஷெட்டில் நான் அவ்வளவு சிரித்தது அதற்கு முன் ஒருநாளும் இல்லை.

டர்னர் உள்ளே இறங்கும் தட்டை இடைவெளி இல்லாமல் இறுக்கமாகக் கடைந்தார். கைப்பிடியின் இரண்டு முனையிலும் உருளுகிற மரக் குமிழ் போட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் நான் குழுமத்தில் எழுத, அவர்கள் சரியென்றும் தப்பென்றும் சொல்ல, அதைக் கொண்டுபோய் நான் லேத் பக்கம் சொல்ல, மூன்று வாரம் இப்படியே ஓடியது. எல்லோரும் எண்ணெய் வாசனையோடுதான் வீட்டுக்குப் போனோம். வெப்சைட்டில் எக்ஸ்ட்ரூடரை எடுத்துவிட்டு முறுக்கு அச்சு என்று பெரிதாகப் போட்டு, அடியில் அக்காக்கள் சொன்ன எல்லாப் பெயரையும் வரிசையாக அடித்தேன். டர்னர் தன் பங்குக்கு ஜந்திகல கொட்டம் என்ற தெலுங்குப் பெயரையும் சேர்க்கச் சொன்னார். கவுன்ட்டர் முதலாளியின் தயவு இல்லாமலே ஓட ஆரம்பித்தது.

ஆனால் ஆர்டர் மட்டும் வரவில்லை. பார்க்கலாம் என்றார்கள், நன்றாயிருக்கிறது என்றார்கள், அடுத்த தடவை ஊருக்கு வரும்போது என்றார்கள். பின்னால் ஆர்டர் வந்தது, துபாய்க்கு முதல் பெட்டி பொங்கலுக்கு முன்பே போனது. ஆனால் அந்தத் தீபாவளிக்கு முந்தின கடைசி வேலை நாளில் எனக்கு அது எப்படித் தெரியும்?

அன்று அரை நாள்தான் வேலை. எல்லோரும் ஸ்வீட் பாக்கெட்டோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் மெயிலைத் திறந்தேன், காலி. மறுபடி திறந்தேன், காலி. கீபோர்டைத் துடைத்து உறை போட்டேன். டிராயரிலிருந்த என் சாமான்களைப் பையில் எடுத்து வைத்தேன். பேக்கிங்கில் எந்த அக்கா பக்கத்தில் உட்காரலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். அம்மாவிடம் பண்டிகை முடிந்து சொல்லலாம் என்று முடிவு செய்தபோது முதலாளி உள்ளே வந்தார்.

"ஆர்டர்?"

"வரல சார்."

பையைப் பார்த்தார். கீபோர்டு உறையைப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"திட்டு?"

"வந்துகீது சார். மூணு."

"படி."

உறையை எடுத்துவிட்டு, குழுமத்தைத் திறந்து படித்தேன். மீஞ்சூர் அக்கா எழுதியிருந்தார், படத்தில் அச்சு மட்டும் இருக்கிறது, முறுக்கைக் காணோம், வெறும் பாத்திரத்தைப் பார்த்து யாருக்குப் பசிக்கும் என்று. பாதியிலேயே என் குரல் உடைந்துவிட்டது. முதலாளி பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, என் நீள நோட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"அழுவாம படிம்மா. நீ அந்தாண்ட போய்ட்டா இத யாரு எனக்குப் படிச்சிக் காட்டுவாங்க?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டாவதைப் படித்தேன். அவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.