அமலியின் மறுபதிப்புத் தட்டு

நல்ல காது பரம்பரையாக வருகிறது என்று நீங்களும் நம்புகிறீர்களா? தில்லி லோதி காலனி கஸ்தூரிரங்கன் நம்பினார். மத்திய அரசு அதிகாரி. ஜாஸ் இசைத்தட்டுகள் சேர்ப்பவர். எல்லாம் முதன்முதலாக அச்சான ஒரிஜினல்கள். பழைய இசையைப் பிற்பாடு மீண்டும் அச்சிட்டு விற்கும் மறுபதிப்புகளை வீட்டுக்குள் விடமாட்டார். ஞாயிறு காலைகளில் நண்பர் சேஷனோடு உட்கார்ந்து கேட்பார். பிளேயரையும் தட்டுகளையும் மனைவி ருக்கு தொடக் கூடாது, தூசி துடைக்கக்கூட.

அமலி பாளையங்கோட்டைக்காரி, நர்ஸ். டைபாய்டில் படுத்த ருக்குவுக்கு ஊசி போட வந்தபோது முன்னறையில் சாக்ஸபோன் ஒலித்தது. மருந்தை மறந்து அப்படியே நின்றுவிட்டாளாம். சில மாதம் கழித்து, ஊர் திரும்பிய சாணக்யபுரித் தூதரகத்து நோயாளி ஒருத்தி அதே தட்டை அவளுக்குக் கொடுத்தாள். ஆனால் மறுபதிப்பு. நர்ஸ் விடுதியில் பிளேயர் ஏது? 1981 குளிர்காலம் முழுக்க அது டிரங்குப் பெட்டியில் ஊமையாகக் கிடந்தது. ஒரு ஞாயிறு துணிந்து கஸ்தூரிரங்கன் வீட்டுக்கு எடுத்துவந்தாள்.

“ஒரு தடவை போடுங்க சார். இன்னும் கேக்கவேயில்ல.”

“இது ஜெராக்ஸ் காப்பி, சிஸ்டர். வித்தியாசம் உனக்குத் தெரியாது. தப்பா நெனச்சுக்காதே, அதுக்குத் தலைமுறை தலைமுறையா சங்கீதம் கேட்ட காது வேணும்.”

இந்த இசையை உண்டாக்கிய அமெரிக்கக் கறுப்பர்களின் முன்னோரை அடிமைச் சந்தையில் நிறுத்தி விற்றார்கள். அவர்கள் எந்தத் தலைமுறையின் அனுமதியோடு வாசித்தார்கள்?

அமலி சண்டை போடவில்லை. “தட்டைப் பாக்காமக் கேட்டு, எது ஒரிஜினல்னு சொல்லுவோமே சார். நானும் சொல்லுதேன்.”

“அச்சா! என்ன ஓய், பயமா?” என்றார் சேஷன்.

மூவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பிளேயர் ஊசியைத் தட்டில் வைக்கும் விதத்தைக் கற்றுக்கொடுத்து, இரண்டு தட்டுகளையும் மாற்றி மாற்றிப் போடும்படி ருக்குவிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டு முறை சாக்ஸபோன் ஒலித்து ஓய்ந்தது.

“மொதலாவது ஒரிஜினல். என்ன கனம்! ரெண்டாவது வெறும் தகரம்” என்றார் கஸ்தூரிரங்கன்.

“சந்தேகமே இல்லே” என்றார் சேஷன்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் கேட்டுச்சு” என்றாள் அமலி.

“பார்த்தேளா? நான் சொல்லலை?”

ருக்கு புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். “உங்க தட்டைத் தொட்டாக் கத்துவேளேன்னு பயந்து, ரெண்டு தடவையும் அமலியோடதையே போட்டேன்.”

சேஷன் நாற்காலி ஆடச் சிரித்தார். கஸ்தூரிரங்கன் ருக்குவை முறைத்தார். பிறகு எதை முறைப்பது என்று தெரியாமல் சுவரையே பார்த்தார்.

“இப்ப நெசமாவே மாத்திப் போடுங்கக்கா” என்றாள் அமலி. ருக்கு ஒரிஜினலை உறையிலிருந்து எடுத்தாள். யாரும் கத்தவில்லை.

அது ஒலித்ததும் அமலிதான் முதலில் பேசினாள். “இதுதான் ஒரிஜினல் சார். தாளத்துல அந்த வெண்கலச் சத்தம் கணீர்னு தனியா நிக்குது. எங்கிட்ட இருக்கிறது கொஞ்சம் மங்கல்தான்.”

கஸ்தூரிரங்கன் தலையாட்டினார். “ஆமா. இன்னொரு பக்கமும் கேக்கறியா? உன்னோடதுலயே போடட்டுமா?”

தன் தட்டை அவள் முழுதாகக் கேட்டாள். மங்கலாக இருந்தாலும் அழுதாள்.

ஒரிஜினல்தான் மேலானது என்பது உண்மையாகவே இருக்கலாம். அதைச் சொல்லும் உரிமை ஒரு சாராருக்கே உண்டு என்பதுதான் பொய். உங்கள் வீட்டில் எதையாவது தொடக் கூடாது என்று யாரையாவது தள்ளி வைத்திருக்கிறீர்களா? இன்றே கூப்பிட்டு அவர் கையில் கொடுங்கள்.