வாத்துகள் பார்த்த திசை

பர்மாவில், தன்லியின் ஊரைத் தாண்டி ஆற்றங்கரைச் சரிவில், கோரைப்புல்லுக்குள் நானும் கோ ராஜுவும் குந்தியிருக்கிறோம். வெயில் இறங்குகிறது. கோ ராஜு இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தமிழர்; ‘கோ’ என்பது இங்கே ஆண்கள் பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல். விடுமுறை நாளில் வலையும் படகுமாகக் காட்டு வாத்து பிடிக்க வருவார். வாத்து எங்கே இறங்குகிறது என்று பார்க்க என் தொலைநோக்கி. பைக்குள் அடங்கும் அளவு. படகிலிருந்து நான் இறங்கும்போது சேற்றில் விழுந்தது. ரப்பர் உறையைத் துடைத்ததும் சரியாகிவிட்டது.

தூரத்து மணல்திட்டில் ஒரு கூட்டம். கண்ணை வைத்தால் அலகின் ஈரம்கூடத் தெரிகிறது. ஒன்றுகூட மேயவில்லை. எல்லாம் கழுத்தை நீட்டி எங்கள் பக்கமே பார்க்கின்றன.

“நம்மளப் பாத்துடுச்சுங்க போல,” என்கிறேன்.

கோ ராஜு வாங்கிப் பார்க்கிறார். அவர் குரல் தாழ்கிறது.

“நம்மளப் பாத்திருந்தா பறந்திருக்கும் அண்ணே. இதுங்க நமக்குப் பின்னால பாக்குதுங்க.”

திரும்புகிறேன். கோரை மட்டும்தான். காற்றே இல்லை.

அவர் வலையைச் சுருட்டி, கோரையை நோக்கிக் கைகூப்பி, பர்மிய மொழியில் ஏதோ சொல்கிறார்.

“என்ன சொன்னீங்க?”

“மன்னிச்சுக்கங்க, போயிடுறோம்னு சொன்னேன். வாங்க, திரும்பிப் பாக்காதீங்க.”

படகில் ஏறியதும் அவர் துடுப்பை வேகமாகப் போடுகிறார். நடு ஆற்றில் எனக்கு மனம் கேட்கவில்லை. தொலைநோக்கியை முழங்காலில் ஊன்றிக் கரையைப் பார்க்கிறேன். நாங்கள் உட்கார்ந்திருந்த இரண்டு இடத்திலும் புல் நசுங்கிக் கிடக்கிறது. அவற்றுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், மூன்றாவதாக ஓர் இடம். அங்கே புல் இப்போதுதான் மெல்ல நிமிர்கிறது.